ஸ்டெயின்லெஸ் சைலன்சர் குழாய் ஏன் துருப்பிடித்து விரிசல் விடுகிறது?

"ஸ்டெயின்லெஸ் என்றுதானே விற்றார்கள், பிறகு எப்படித் துரு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

கார்களில் அதிகம் வருவது 409 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம். அதில் குரோமியம் சுமார் 11% தான். பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 ரகத்தில் 18%. துருவைத் தடுப்பதே குரோமியம் உண்டாக்கும் மெல்லிய ஆக்சைடு படலம். வெளியே தெரியும் செம்பழுப்பு பெரும்பாலும் மேலோட்டமானது, பயப்பட வேண்டாம். ஆபத்து உள்ளே: குறுந்தூரமே ஓட்டினால் குழாய் முழுதாகச் சூடாகாது, புகையிலுள்ள நீராவி குளிர்ந்து, அமிலத் தண்ணீராகத் தேங்கி அரிக்கும்.

விரிசலுக்கு முதலில் வெல்டிங் ஓரத்தைப் பாருங்கள். குழாய் 304 ரகமாக இருந்தால், வெல்டிங் சூட்டில் குரோமியம் எஃகிலுள்ள கார்பனோடு சேர்ந்துவிடலாம். அப்போது அந்த ஓரம் காப்பிழக்கும். சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கும் குழாய் பெரும்பாலும் அங்கேதான் பிளக்கும். குழாயைத் தாங்கும் ரப்பர் அறுந்திருந்தால் அதிர்வும் சேரும். புதுக் குழாய் போடும்போது அந்த ரப்பர்களையும் கட்டாயம் மாற்றுங்கள்.