பி.பி.டி.க்குப் பின் என்ன படிக்கலாம்?

கேள்வி: பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டப் படிப்பு) முடித்து, கட்டாயப் பயிற்சியில் இருக்கிறேன். இங்கேயே முதுநிலைப் படிப்பான எம்.பி.டி. படிப்பதா, அமெரிக்கா சென்று டி.பி.டி. (டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி) படிப்பதா என்று வீட்டில் ஒரே விவாதம். அங்கே எம்.எஸ். படித்தாலே பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரியலாம் என்கிறார் கல்வி ஆலோசகர் ஒருவர். எது சரி?
– வாசகி, திருச்சி

பதில்: அந்த ஆலோசகரின் பேச்சை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். உடல் இயக்கவியல், மறுவாழ்வு அறிவியல் போன்ற துறைகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தரும் எம்.எஸ். பட்டம் ஆய்வுக்குப் பயன்படும். நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும் உரிமத்தை அது தராது. உரிமம் வழங்குவது அந்தந்த மாநிலம். அதற்கு என்.பி.டி.இ. என்ற தேசிய பிசியோதெரபித் தேர்வில் தேறியாக வேண்டும்.

டி.பி.டி. என்பது, அங்கே வேறொரு துறையில் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் பிசியோதெரபிஸ்டாக உருவாவதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் படிக்கும் தொழிற்கல்வி. பெயரில் ‘டாக்டர்’ இருந்தாலும் அது பிஎச்.டி. போன்ற ஆய்வுப் பட்டம் அன்று. நீங்கள் இங்கே கற்று முடித்த உடற்கூறியலையும் உடலியங்கியலையும் பெருங்கடன் வாங்கி மறுபடியும் படிப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

உங்கள் இந்தியப் பட்டத்தை, வெளிநாட்டுப் பிசியோதெரபிப் பட்டங்களை மதிப்பிடும் எஃப்.சி.சி.பி.டி. போன்ற அமெரிக்க அமைப்பிடம் மதிப்பீட்டுக்கு அனுப்புவதே முதலில் முயல வேண்டிய வழி. அவர்கள் உங்கள் பாடத்திட்டத்தை அமெரிக்கக் கல்வியோடு பாடம் பாடமாக ஒப்பிட்டு, எங்கே குறை என்று சொல்வார்கள். அக்குறையை, ஏற்கெனவே தகுதி பெற்ற பிசியோதெரபிஸ்டுகளுக்கென்று நடத்தப்படும் ‘ட்ரான்ஸிஷனல் டி.பி.டி.’ படிப்பைக் கொண்டு நிரப்புவோர் பலர். இதில் இணையவழியிலேயே பெரும்பகுதியை முடிக்கும் வசதியும் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதால், எந்த மாநிலத்தில் உரிமம் கேட்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொண்டு விண்ணப்பிப்பது நல்லது. என்.பி.டி.இ. தேர்வை ஓராண்டில் மூன்று முறையும், வாழ்நாளில் மொத்தம் ஆறு முறையும் மட்டுமே எழுத முடியும் என்பதால், ‘எழுதித்தான் பார்ப்போமே’ என்று உட்காரும் தேர்வு அன்று இது.

எம்.பி.டி. இரண்டாண்டுப் படிப்பு, ஆய்வேடும் எழுத வேண்டும். இங்கே கல்லூரி ஆசிரியர் பணியில் விருப்பம் இருந்தால் அதைத் தவிர்க்க இயலாது. வெளிநாடு போகும் எண்ணம் இருந்தாலும், அப்பாடங்கள் மதிப்பீட்டில் கைகொடுக்கக்கூடும். பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது, எலும்பியலுக்கும் விளையாட்டு மருத்துவத்துக்கும் உள்ள மவுசை மட்டும் பார்க்காதீர்கள். பக்கவாதம் வந்த ஒருவரை நடக்க வைப்பதற்கு மாதக்கணக்கில் அவருடன் உழைக்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால் நரம்பியல் பொருத்தமாக இருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவின் பரபரப்பு பிடிக்குமானால் இதய–நுரையீரல் பிரிவைப் பாருங்கள்.

எதைத் தேர்ந்தாலும், கல்லூரியை விட்டு வெளியேறும் முன் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். நான்காண்டுப் பாடத்திட்டம் முழுவதையும் பக்கத்துக்குப் பக்கம் முத்திரையுடனும், பயிற்சிக் காலத்தில் எலும்பியல், நரம்பியல், குழந்தைகள் நலம் என ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை மணி நேரம் பணியாற்றினீர்கள் என்ற சான்றிதழை முதல்வர் கையொப்பத்துடனும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகள் கழித்துப் போய்க் கேட்டால், அந்த வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்துத் தர அலுவலகத்தில் ஆள் இருக்கமாட்டார்கள்.