நிஸ்ஸான் ஆர்32 ஜிடி-ஆர் காருக்குத் தயாரிப்பு நின்றுபோன பாகங்களை எங்கே தேடுவது, மறுபடி செய்ய முடியுமா?

முடியும். 1989 முதல் 1994 வரை தயாரான கார் இது. தேடுமுன் காரின் உடலில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணை வைத்துச் சரியான பாக எண்ணைக் கண்டுபிடியுங்கள். பெயரை மட்டும் நம்பி வாங்கினால் பொருந்தாமல் போகும். அப்புறம் நிஸ்ஸானின் பந்தயப் பிரிவான நிஸ்மோவின் ஹெரிடேஜ் பாகங்கள் பட்டியலைப் பாருங்கள். நின்றுபோன ஆர்32 பாகங்களை 2017 டிசம்பரில் மறுபடி விற்கத் தொடங்கினார்கள்; பிறகு அடுத்தடுத்த மாடல்களான ஆர்33, ஆர்34 கார்களுக்கும் கொண்டுவந்தார்கள்.

மறுபடி செய்வதில் பெரிய தடை, தகட்டை அழுத்தி வடிவம் தரும் அச்சுதான் (டை). அதற்கு ஆகும் செலவு, ஏராளமாக விற்றால்தான் திரும்பும். பழைய காருக்கு அது நடக்காது. நிஸ்ஸான் இதற்குக் கண்ட வழி அருமையானது: தகட்டின் இருபுறமும் ஒவ்வொரு ரோபோ நின்று, கம்பி போன்ற கருவியால் எதிரெதிரே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, அச்சே இல்லாமல் வடிவம் கொண்டுவருகிறது. ஆர்32இன் பின்புறத் தகடு இப்படித்தான் மறுபடி கிடைத்தது.

சிறிய பிளாஸ்டிக் கிளிப், மூடி போன்றவற்றை ஸ்கேன் செய்து 3டி பிரின்ட் எடுக்கலாம். என்ஜின் பக்கம் வைப்பதற்குச் 3டி பிரின்ட்டுக்கு வழக்கமாகப் பயன்படும் சாதாரண பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், சூட்டில் வளைந்துவிடும். பிரேக், ஸ்டியரிங் பாகங்களை இப்படிச் செய்யவே செய்யாதீர்கள். ரப்பர் குழாய், சீல் எல்லாம் பிரிக்காத பழைய சரக்காகக் கிடைத்தாலும் யோசியுங்கள். கிடந்த இடத்திலேயே இறுகிப்போயிருக்கும்.