கட்டிடக் கேள்வி பதில்: சுவர் எதுவரை இறங்குகிறது?

கேள்வி: ஐயா, உட்துறைமுக வீதிப் பக்கம் புதிதாகக் கட்டிய மாடிக் கட்டிடமொன்றில் எங்கள் கணக்காய்வுக் கந்தோர் இயங்குகிறது. தரையை இரும்புத் தட்டுகளால் உயர்த்தி, கேபிள் எல்லாவற்றையும் அடியால் விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் பல் வைத்தியரின் கிளினிக். நடுவில் ஜிப்சம் பலகைச் சுவர். “தட்டு இரும்பு, எரியாது. மேலே ஸ்மோக் டிடெக்டரும் இருக்கு” என்கிறார் கொன்ட்ராக்டர். நம்பலாமா?
- வாசகி, உவர்மலை

பதில்: தட்டு எரியாது பிள்ளை, அதில் அவர் பொய் சொல்லவில்லை. தட்டுக்குக் கீழே கிடப்பதைப் பற்றித்தான் வாய் திறக்கவில்லை.

நாற்பது வருடம் வயரிங் வேலை பார்த்தவன் நான். இப்படித் தளம் போட்ட இடங்களில் தட்டைத் தூக்கினால் சிமெந்துப் பை, சோற்றுப் பார்சல் தாள், வெட்டி எறிந்த கேபிள் துண்டு எல்லாம் கிடக்கும். ஒரு கந்தோரில் எலி கேபிளின் பிளாஸ்டிக்கைச் சுரண்டி, அதையே பஞ்சாக்கிக் கூடு கட்டியிருந்தது. கூட்டுக்குள் செப்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது. இன்வொய்ஸ் எழுத ஆள் இருந்த மேசைக்கு நேர் கீழே!

அங்கே ஒரு பொறி பறந்தால் நெருப்பு உடனே வெளியே தெரியாது. கேபிளோடு கேபிளாகப் புகைந்து பக்கவாட்டில் நகரும். தட்டுகளின் இடுக்கு வழியாகப் புகை கசிந்து மேலே போய், டிடெக்டர் சத்தம் போடும்போது கீழே பாதி முடிந்திருக்கும். சாதாரண பிவிசி கேபிள் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைட் வரும். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலம். நெருப்பே படாத கணினியையும் அரித்துவிடும். கடற்காற்று செய்வது போதாதென்று இது வேறு.

சரி, உங்கள் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். சுவர் எங்கே நிற்கிறது? தட்டின் மேலா, கொங்கிறீட் தளத்திலா? தட்டின் மேல் என்றால் மேலே இரண்டு கந்தோர், கீழே ஒரே மண்டபம். கிளினிக்கில் பிடித்த நெருப்பு கதவைத் தட்டாமலே உங்களிடம் வரும். சுவரோரத்தில் ஒரு தட்டைத் தூக்கி டோர்ச் அடித்துப் பாருங்கள். அந்தப் பக்கத்து வெளிச்சமோ கேபிளோ தெரிந்தால் கொன்ட்ராக்டரைக் கூப்பிட்டு அதையே காட்டுங்கள்.

பரிகாரம் பெரிய செலவில்லை. சுவருக்கு நேர் கீழே, கொங்கிறீட்டிலிருந்து தட்டின் அடிவரை, கல்நார்ப் பஞ்சு என்று சிலர் சொல்லும் ரொக் வூல் பலகையை இறுக்கமாக வெட்டி நிறுத்த வேண்டும். பழைய அஸ்பெஸ்டஸ் அல்ல, அதைத் தொடவே வேண்டாம். கண்ணாடிப் பஞ்சையும் தலையில் கட்ட விடாதீர்கள். ரொக் வூல் ஆயிரம் பாகை செல்சியஸ் வரை தாங்கும், கண்ணாடிப் பஞ்சு அதற்கு வெகு முன்பே உருகிவிடும். பெரிய தளமாக இருந்தால் நடுவிலும் தடுப்பு வேண்டும். பிரிட்டனின் வழிகாட்டியில் இப்படியான மறைவிடங்களை 20 மீட்டருக்குள் பிரிக்கச் சொல்கிறார்கள். உள்ளே எளிதில் தீப்பற்றும் மேற்பரப்பு இருந்தால் 10 மீட்டர்.

தடுப்பின் ஊடாகக் கேபிள் போகும் ஓட்டையில்தான் எல்லாரும் சோம்பல்படுவார்கள். டின்னிலிருந்து மஞ்சள் நுரையைப் பீச்சிவிட்டு “அடைச்சாச்சு” என்பார்கள். 1975 மார்ச் 22இல் அமெரிக்காவின் அலபாமாவில் உள்ள பிரவுண்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில், கேபிள் ஓட்டையால் காற்றுக் கசிகிறதா என்று மெழுகுதிரியைப் பிடித்துப் பார்த்தார்கள். அடைப்புக்குப் போட்ட பொலியூரித்தேன் நுரை பற்றிக்கொண்டது. நெருப்பு ஓட்டை வழியே அடுத்த பக்கம் போய், ஏறக்குறைய ஏழு மணித்தியாலம் எரிந்து, 1,600க்கு மேற்பட்ட கேபிள்களைச் சேதமாக்கியது. அணுமின் நிலையத்துக்கே அந்தக் கதி. ஆகவே சூட்டில் ஊதிப் பெருகும் தீத்தடுப்புப் பசைதான் வேண்டும். டின்னில் ‘தீத்தடுப்பு’ என்று எழுதியிருந்தாலும் எவ்வளவு அகல இடைவெளிக்குச் சோதித்தது என்று வாசியுங்கள். நாளைக்கு இன்டர்நெட்காரர் புதிதாக ஒரு வயர் இழுத்தால் அந்த ஓட்டையைத் திரும்ப அடைப்பது யார் பொறுப்பு என்பதையும் இப்போதே எழுதி வாங்குங்கள்.

டிடெக்டர் தட்டுக்குக் கீழேயும் வேண்டும். அது இருக்கும் தட்டில் ஒரு அடையாளம் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் தேடித் திரிவீர்கள்.

கேள்வி: ஹோட்டலின் சேர்வர் அறையில் தளத்துக்கு அடியிலிருந்து புகை வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்? தண்ணீர் ஊற்றலாமா?
- வாசகர், நிலாவெளி

பதில்: ஊற்றவே வேண்டாம், கரண்ட் இருக்கிறது. ஆட்களை வெளியேற்றி 110க்கு அழையுங்கள். மெயினை அணையுங்கள், ஏசியையும். இப்படியான அறைகளில் குளிர்காற்றைத் தட்டுக்கு அடியால்தான் தள்ளுவார்கள்; அது நெருப்புக்கு விசிறி. மெயின் போனாலும் யூபிஎஸ் பேட்டரியில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும், அதையும் அணைக்க மறக்காதீர்கள். புகை லேசாக இருந்தால் மட்டும், ஒரேயொரு தட்டைத் தூக்கி CO₂ அணைப்பான் அடிக்கலாம். அந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும், அதனால் அங்கே நன்றாக வேலை செய்யும். அதே காரணத்தால் தலையைக் குனிந்து உள்ளே பார்ப்பவருக்கு மூச்சடைக்கும். தனியாகப் போகாதீர்கள், கதவைத் திறந்து வையுங்கள்.

தட்டைத் தூக்கும் ரப்பர் கப் அறைக்குள்ளேயே தொங்க வேண்டும். நம் வெக்கையில் அந்த ரப்பர் காய்ந்து வெடித்துவிடும், மாதம் ஒருமுறை ஒட்டிப் பாருங்கள். ஸ்டோர் சாவி வைத்திருப்பவர் லீவில் போன நாளில் ஸ்க்ரூ டிரைவரால் தட்டை நெம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் தட்டுகள் வெளியே தகரம், உள்ளே மரத்தூள் பலகை. மாற்ற வேண்டுமா?
- வாசகர், சீனக்குடா

பதில்: தகரம் முழுதாக மூடியிருந்தால் அவசரமில்லை. சுவரோரம் வெட்டிப் போட்ட தட்டுகளில் பலகை வெளியே தெரியும், அந்த விளிம்புகளை உலோகப் பட்டையால் மூடச் சொல்லுங்கள். உப்புக் காற்றில் தகரம் துருப்பிடித்து, மாரி ஈரத்தில் பலகை ஊதியிருந்தால் அந்தத் தட்டை மட்டும் எரியாத கல்சியம் சல்பேட் தட்டாக மாற்றலாம். அது கனம் கூட, தாங்கும் இரும்புக் கால்களையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள்.