பாலைச் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் கர்ப்பத்திலேயே எகிறிவிடுகிறதே, பால் மட்டும் ஏன் பிரசவத்துக்குப் பிறகு சுரக்கிறது?

நஞ்சுக்கொடி உள்ளே இருக்கும்வரை, கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனான புரொஜெஸ்டரோன் பாலைச் சுரக்கவிடாது. ஒரே வரியில் பதில் இவ்வளவுதான். ஆனால் கதை அந்த ஒரு வரியில் அடங்காது.

ஆய்வகத்தில் சில காலம் எச்.சி.11 என்ற செல்களோடு மல்லுக்கட்டியவன் நான். கர்ப்பமான சுண்டெலியின் பால் சுரப்பியிலிருந்து வந்தவை அவை. தட்டு நிறைய வளரவிட்டு இன்சுலின், புரோலாக்டின், கார்டிசால் ஹார்மோனின் இடத்தில் அதைப் போலவே வேலை செய்யும் டெக்சாமெதசோன் என்ற மருந்து, மூன்றையும் சேர்த்தால், சில நாளில் பீட்டா கேசீன் என்ற பால் புரதத்தின் ஜீன் முழு வீச்சில் ஓடும். செல் படலம் ஆங்காங்கே கொப்புளம் கொப்புளமாக மேலெழும்பும். புரோலாக்டினை மட்டும் நிறுத்திப் பாருங்கள், கேசீன் பேருக்குத்தான் இருக்கும்.

இத்தனைக்கும் புரோலாக்டின் போய் டி.என்.ஏ.வைத் தொடுவதில்லை. செல்லின் மேலுள்ள ஏற்பியில், அதாவது ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில், ஒட்டும். உள்பக்கம் ஜாக்2 என்ற என்சைம் விழித்து, ஸ்டாட்5 புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஏற்றும். ஸ்டாட்5 ஜோடி சேர்ந்து உட்கருவுக்குள் போய், கேசீன் ஜீனின் முகப்பில் உட்காரும். பக்கத்திலேயே கார்டிசாலின் ஏற்பியும் வந்து கைகொடுக்கும். 1997-ல் ஸ்டாட்5-இன் ஒரு வகையான ஸ்டாட்5ஏ இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். குட்டி போட்டும் அவற்றால் பாலூட்ட முடியவில்லை.

ஜீனை ஓடவிடுவதோடு புரோலாக்டின் வேலை முடியாது. எலியின் சுரப்பித் திசுவை வைத்து ஆய்வாளர் ஜெஃப்ரி ரோசனின் குழு 1979-ல் காட்டியது எனக்கு இன்றும் வியப்புதான்: புரோலாக்டின் இருந்தால் கேசீனின் தூது ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான ஜீனின் நகல்) சீக்கிரம் சிதையாது; அதன் ஆயுள் ஏறத்தாழ 20 மடங்கு நீள்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கர்ப்பத்தில் புரொஜெஸ்டரோனின் ஏற்பி கேசீன் ஜீனின் முகப்புக்கே வந்து ஸ்டாட்5-ஐ வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் புரொஜெஸ்டரோன் சரிகிறது, தடை விலகுகிறது. லாக்டோஸ் உருவாக உதவும் ஆல்ஃபா லாக்டால்புமின் என்ற புரதம் கூடி, பால் சர்க்கரையான அந்த லாக்டோஸ் பெருகி, அது தண்ணீரை இழுக்கப் பால் கட்டுகிறது. இதற்கு 2, 3 நாள் பிடிக்கும். அதுவரை வருவது கொஞ்சமே கொஞ்சம் சீம்பால். இரண்டாம் நாளே 'பாலே இல்லை' என்று புட்டிப்பாலைத் தேடும் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். நஞ்சுக்கொடித் துண்டு கருப்பையில் தங்கிவிட்டால் பால் இறங்கத் தாமதமாகும். அது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம்.

'அப்படியானால் சினை மாடு எப்படிக் கறக்கிறது, அதற்கும் புரொஜெஸ்டரோன் இருக்குமே?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பால் சுரந்துகொண்டிருக்கும் மடியில் புரொஜெஸ்டரோனின் ஏற்பிகளே அநேகமாக இருக்காது. ஹார்மோன் ரத்தத்தில் எவ்வளவு ஓடினாலும் பிடித்துக்கொள்ள ஆளில்லை. பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கிய தாய்மார்களுக்குப் புரொஜெஸ்டின் (புரொஜெஸ்டரோன் போல வேலை செய்யும் மருந்து) மட்டுமே உள்ள கருத்தடை மாத்திரையைத் தயங்காமல் தருவதும் இதனால்தான்.