பிளாட்டினமும் அதன் மேல் போர்வையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஹைட்ரஜன் எரிபொருள் செல்லில் கார்பன் மேல் பிளாட்டினம் இருக்கிறதே, அப்புறம் வினையூக்கி அடுக்கில் அயனோமர் (புரோட்டானைக் கடத்தும் பாலிமர்) எதற்கு?

ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு, நான்கு புரோட்டான், நான்கு எலெக்ட்ரான் ஒரே இடத்தில் கூடினால்தான் கேத்தோடில், அதாவது ஆக்சிஜன் பக்க மின்முனையில், தண்ணீர் உருவாகும். எலெக்ட்ரானுக்குக் கார்பன் வழி, ஆக்சிஜனுக்கு நுண்துளை வழி. இரு மின்முனைகளுக்கும் நடுவே உள்ள சவ்வைக் கடந்து வரும் புரோட்டான்தான் அதன் ஓரத்திலேயே நின்றுவிடும். சுமார் 10 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள அடுக்கின் உள்ளே வரை அதைக் கூட்டிப்போவது அயனோமர். 1980-களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மின்முனைக்கு நேஃபியான் என்ற அயனோமரின் கரைசலை ஊட்டிப் பார்த்தார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராம் தேவைப்பட்ட பிளாட்டினம் 0.4 அளவுக்கு இறங்கியது.

குறைந்த மின்னோட்டத்தில் எங்கள் செல் அருமையாக ஓடுகிறது. ஏற்றினால் வோல்டேஜ் சரிகிறது. அயனோமரைக் கூட்டலாமா?

அவசரப்படாதீர்கள், குறைக்க வேண்டியிருக்கலாம். குறைந்த மின்னோட்டத்தில் நன்றாக ஓடுகிறது என்றால் பிளாட்டினத்தின் மேல் பழி இல்லை. ஆக்சிஜனோ புரோட்டானோ போய்ச் சேரவில்லை. முதலில் காற்றுக்குப் பதில் தூய ஆக்சிஜன் கொடுத்துப் பாருங்கள். மின்னோட்டம்-வோல்டேஜ் வளைவு நன்றாக நிமிர்ந்தால் சிக்கல் ஆக்சிஜன் வழியில்தான்.

அயனோமர் கூடினால் துளைகள் அடைபடும், அது எல்லாருக்கும் தெரியும். பலர் மறப்பது பிளாட்டினத்தை ஒட்டியிருக்கும் சில நானோமீட்டர் படலத்தை. அந்த மெல்லிய படலம், தடித்த சவ்வின் அளவீட்டை வைத்துக் கணக்குப் போட்டால் வருவதைவிட அதிகமாகவே ஆக்சிஜனைத் தடுக்கிறது. செலவு மிச்சம் என்று பிளாட்டினத்தைக் குறைத்தால், இருக்கிற ஒவ்வொரு துகளும் அந்தப் படலம் வழியே கூடுதல் ஆக்சிஜனை இழுக்க வேண்டும். அப்போதுதான் இந்தத் தடை கண்ணில் படும்.

கார்பன் எடைக்கு 0.6 முதல் 1 மடங்கு வரை அயனோமர் என்று தொடங்கி, இரண்டு மூன்று விகிதங்களில் அடுக்கு செய்து பாருங்கள். ஈரப்பதத்தை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் வையுங்கள். காய்ந்தால் புரோட்டான் வழி கெடும், நனைந்தால் துளை மூழ்கும். எது எதனால் என்றே தெரியாமல் போய்விடும்.

அயனோமரே பிளாட்டினத்தைக் கெடுக்கிறது என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மைதான். அதன் சல்ஃபோனேட் முனைகள் (புரோட்டானைக் கடத்த உதவும் அமிலப் பகுதிகள்) பிளாட்டினத்தின் மேல் ஒட்டி, வினை நடக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் பலர் துகள்களைக் கார்பனின் குறுகிய துளைகளுக்குள் வைக்கிறார்கள்: அயனோமர் உள்ளே நுழையாது, புரோட்டான் தண்ணீர் வழியே வந்துவிடும். துளை மிகக் குறுகினால் ஆக்சிஜனும் திணறும் என்பது வேறு வம்பு.

வினையூக்கியைச் செல்லுக்கு வெளியே தனியாகச் சோதிக்கும் சுழல் வட்டு மின்முனையில், நிமிடத்துக்கு 1600 சுற்றில் வரம்பு மின்னோட்டம் (ஆக்சிஜன் வரத்து அனுமதிக்கும் உச்ச மின்னோட்டம்) 4.5 மில்லிஆம்பியரைத் தாண்டவில்லை. ஏன்?

சதுர சென்டிமீட்டருக்குத்தானே? 0.1 மோலார் பெர்குளோரிக் அமிலத்தில், அறை வெப்பத்தில் 6-க்குப் பக்கத்தில் வர வேண்டும். வட்டின் மேல் பூசிய வினையூக்கிப் படலத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். நடுவில் கண்ணாடிக் கார்பன் வெளியே தெரிந்து, ஓரத்தில் கறுப்பு வளையம் கட்டியிருந்தால், மை (வினையூக்கித் தூளைக் கரைத்துப் பூசும் கலவை) சீராகக் காயவில்லை. வட்டை மெதுவாகச் சுழலவிட்டே உலர்த்துங்கள்.

மை கலக்கும்போது குப்பிக்குள் பொறி பறந்தது. ஏன்?

காய்ந்த பிளாட்டினத் தூளின் மேல் நேரடியாக ஆல்கஹால் ஊற்றியிருப்பீர்கள். ஆல்கஹால் ஆவி காற்றோடு சேர்ந்து பிளாட்டினத்தின் மேலேயே எரியத் தொடங்கும். நானும் ஒருமுறை இப்படிப் பயந்திருக்கிறேன். முதலில் தண்ணீர் விட்டுத் தூளை முழுக்க நனையுங்கள், அப்புறம்தான் ஆல்கஹால்.