வாசகர் கேள்வி: சமூக ஊடக நேரமும் பதற்றமும்

கேள்வி: 120 பதின்வயதினரிடம் தினசரி சமூக ஊடக நேரமும் ஜி.ஏ.டி-7 என்ற ஏழு கேள்விப் படிவத்தின் பதற்ற மதிப்பெண்ணும் வாங்கினேன். ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதன் அளவு) 0.30. தொடர்புப் போக்கும் (ரிக்ரஷன், தரவுக்குப் பொருந்தும் நேர்கோடு) போட வேண்டுமா? தூக்க நேரத்தையும் சேர்க்கச் சொல்கிறார் என் வழிகாட்டி.

பதில்: முதலில் சிதறல் படம் (ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாகக் குறிக்கும் வரைபடம்) வரையுங்கள். 14 மணி நேரம் என்று எழுதிய ஓரிருவரே அந்த நேர்கோட்டின் சாய்வை மாற்றிவிட முடியும். ஜி.ஏ.டி-7 மதிப்பெண்கள் (0 முதல் 21 வரை) பெரும்பாலும் கீழ்ப்பக்கம் குவியும். அப்போது ஸ்பியர்மேன் தர ஒட்டுறவையும் (மதிப்புகளுக்குப் பதில் அவற்றின் வரிசை இடங்களைக் கொண்டு கணக்கிடுவது) பாருங்கள். இரு ஒட்டுறவுகளும் வெகுவாக விலகினால் அந்த ஓரிருவரைத் தேடுங்கள்.

0.30-ன் வர்க்கம் 0.09. அதாவது மதிப்பெண் வேறுபாட்டில் 9 சதவீதம்தான் நேரத்தோடு சேர்ந்து நகர்கிறது. தொடர்புப் போக்கு தருவது சாய்வு, அதாவது நேரம் ஒரு மணி கூடினால் மதிப்பெண் எவ்வளவு மாறுகிறது என்பது. மதிப்பெண்ணின் திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றிய பரவலின் அளவு) 5, நேரத்தினுடையது 2 என்றால், 0.30 × 5 ÷ 2 = 0.75. ஒரு மணி கூடினால் முக்கால் மதிப்பெண். ஒரே காரணி உள்ளவரை ஒட்டுறவு, தொடர்புப் போக்கு இரண்டின் பி-மதிப்பும் (உண்மையில் தொடர்பே இல்லாவிட்டாலும் இப்படியோ இதைவிட வலுவாகவோ முடிவு வரும் வாய்ப்பு) ஒன்றே. அதை இரு கண்டுபிடிப்புகளாக எழுதாதீர்கள் (பல ஆய்வேடுகளில் நடப்பது இதுதான்).

தூக்கம்தான் சிக்கல். கைபேசி தூக்கத்தைக் கெடுத்து, அதனால் பதற்றம் கூடுகிறது என்பது உங்கள் கருதுகோளானால், தூக்கத்தைச் சேர்த்ததும் சாய்வு சுருங்கும். விளைவு இல்லை என்று அதற்குப் பொருளல்ல, பாதையின் ஒரு பகுதியை நீங்களே அடைத்துவிட்டீர்கள். தூக்கம் இல்லாமலும் சேர்த்தும் இரு தொடர்புப் போக்குக் கணக்குகளையும் கொடுங்கள். வயதையும் பாலினத்தையும் தயங்காமல் சேர்க்கலாம்.

பதற்றமே ஒருவரைக் கைபேசிப் பக்கம் தள்ளவும் கூடும். ஒரே முறை எடுத்த தரவு திசையைச் சொல்லாது.