அசதிக்கு விட்டமின் குளிசை போடலாமா?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். வயது 34. எந்நேரமும் அசதி, வாயோரம் அடிக்கடி வெடிக்கிறது. காலையில் ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி. பகலில் சோறு, பருப்பு, கோவா. பாமசியில் விட்டமின் குளிசை வாங்கிப் போடலாமா?

பதில்: காசு கொடுக்குமுன் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலீட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவே அதற்குக் காரணம். இரும்பு விட்டமின் அல்ல, கனியுப்பு. ஆனால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் குடல் லேசில் ஏற்றுக்கொள்ளாது, அதற்கு விட்டமின் சி துணை வேண்டும். ஆகவே பருப்புக்கு மேல் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விடுங்கள், அல்லது சாப்பிட்ட கையோடு ஒரு கொய்யாப்பழம் தின்னுங்கள். சூட்டில் விட்டமின் சி அழிந்துவிடும் என்பதால், புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே விட வேண்டும். வல்லாரைச் சம்பல் இன்னும் நல்லது. பச்சையாகத் தின்பதால் இலையை நன்றாகக் கழுவுங்கள்.

இந்த வேலைக்கு நேர் எதிரி சாயத்தண்ணி. தேயிலை மலையில் இருப்பவரிடமே தேத்தண்ணியைக் குறை சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. குடிப்பதை விடச் சொல்லவில்லை, சாப்பாட்டுக்கும் அதற்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். ரொட்டியோடு குடிக்கும் அந்தக் கோப்பையைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

வாயோர வெடிப்பு விட்டமின் பி2 குறைவாலும் வரலாம், இரும்புக் குறைவாலும் வரலாம். உங்கள் சாப்பாட்டில் முட்டையும் பாலும் மீனும் இல்லை. பி2 கீரையிலும் ஓரளவு உண்டு. ரத்த அணு உருவாகவும் நரம்பு சரியாக இயங்கவும் தேவைப்படும் பி12 மரக்கறியில் இல்லை. கொஞ்சம் நெத்தலிக் கருவாடோ கிழமைக்கு நாலைந்து முட்டையோ சேர்த்தால் அந்தக் குறை பெரிதும் தீரும். பிரஷர் இருந்தால் கருவாட்டை ஊறவைத்து உப்பை இறக்குங்கள். கால்விரல் மரத்துப்போகிறது என்றால் அது பி12 குறைவாக இருக்கலாம், டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கண்ணுக்கான விட்டமின் ஏயை மலையில் தேடி அலைய வேண்டாம். கெரட்டும் கீரையும் போதும், உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், அதைத் தேங்காய் கொடுத்துவிடும். விட்டமின் டியைத் தோல் வெயிலிலிருந்து செய்துகொள்கிறது, நீங்கள் வெளியில் வேலை செய்பவர். இவை இரண்டும் உடம்பில் தேங்கும் என்பதால், டொக்டர் சொல்லாமல் கூடிய அளவுக் குளிசை போடுவது ஆபத்து.

வெறுங்காலோடு நடக்கும் பழக்கம் உண்டா? கொக்கிப்புழு மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாக உள்ளே போகும். அது குடலில் இருந்து ரத்தம் குடித்தால் எந்தச் சாப்பாடும் ஈடுகட்டாது. பூச்சி மருந்து பற்றியும், மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்பது பற்றியும் டொக்டரிடம் பேசுங்கள். இரும்புக் குளிசை தந்தால் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். கல்சியம் குளிசையும் தந்திருந்தால் அதை வேறு நேரத்தில் போடுங்கள்.